இன்று அறிவிப்பு எதுவும் இல்லை

சென்காவை நான் நான்கு மாதம் வெறுத்தேன். ஏதோ கொஞ்சநஞ்சம் இல்லை. காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னாலேயே வெறுக்க ஆரம்பித்துவிடுவேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், என் அப்பாவிடம் நீந்தக் கற்றுக்கொண்டவள், அந்த அப்பா செத்ததற்கு வரவில்லை. வந்து தொலைக்க முடியாவிட்டால் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

எங்கள் ஊரான நிக்ஷிச்சில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு வராதவனை அடுத்த வருடம் மன்னித்துவிடுவோம். சாவுக்கு வராதவனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடப்போம். அவன் பிள்ளைகளைக் கண்டால் நம் பிள்ளைகளும் அப்படித்தான் நடக்கும். ஆனால் வா என்று யாரையும் கூப்பிடவும் மாட்டோம். சொந்த ரத்தத்துக்கு மட்டும் போன் போகும். மற்றவர்களுக்குத் துக்க வீட்டுக்காரரே போன் பண்ணினால் அது ஆறுதலைப் பிச்சை கேட்ட மாதிரி. அறிவிப்பு கொடுப்போம், அவ்வளவுதான். படம், பேர், வயது, கல்லறை மண்டபத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நிற்போம் என்ற விவரம். மின்கம்பத்தில் ஒட்டுவோம், பேப்பரில் போடுவோம், எங்கள் ஊர்ச் செய்தித்தளமான யாவோரில் போடுவோம். பார்த்தவர் வருவார். பார்க்காதவர் என்று ஒருவர் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் காலையில் காபியை வாயில் வைப்பதற்கு முன் பார்ப்பதே அதைத்தான்.

அப்பா ஜனவரி பத்தொன்பதாம் தேதி போனார். வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தார். மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, தாரோ கொஞ்சம் தண்ணீர் கொண்டா என்றார். என் பேர் தாரின்கா, அவருக்கும் சென்காவுக்கும் மட்டும் தாரோ. நான் டம்ளரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா பேர் விதாக், சொன்னால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்து நான்கு வருடம் இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்றவர், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

மறுநாள் ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை மண்டபத்தில் நின்றேன். ஊரே வரிசையில் வந்தது. ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்தேன். சென்கா கல்யாணமாகிப் போன ப்லெவ்ல்யாவிலிருந்து வர மூன்று மணி நேரம், பனியென்றால் நான்கு. பதினொரு மணிக்கு வந்துவிடுவாள் என்று இருந்தேன். அப்புறம் ஒரு மணிக்கு. மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். மலைப்பாதை மூடியிருக்கும், பாவம் என்று அவளுக்காக நானே ஒரு சாக்கும் கண்டுபிடித்தேன்.

ஆனால் பேப்பருக்குப் பாதை எதற்கு? சொந்தக்காரர் அல்லாதவர்களும் தங்கள் பேரில் ஒரு கடைசி வணக்கம் போடுவது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு முப்பத்தொரு பேர் போட்டிருந்தார்கள். முடி வெட்டுகிறவர்கூடப் போட்டிருந்தார். சென்கா போடவில்லை. அவளுடைய அப்பா அவள் மூன்று வயதில் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. க்ருபட்ஸ் ஏரியில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் தண்ணீரில் தள்ளி நீந்த வைத்தது என் அப்பா. மார்க்கு அட்டையில் கையெழுத்துக்கு அவள் வந்து நின்றதும் அவரிடம்தான். சித்தப்பா சித்தப்பா என்று காலைச் சுற்றி வந்தவள்.

பிப்ரவரியில் இரண்டு தடவை போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. வர வேண்டிய நாளில் வராதவளுக்கு இப்போது என்ன போன்? யாராவது அவள் பேச்சை எடுத்தாலும் வாயை மூடு என்பேன். அப்புறம் ஈஸ்டர் வந்தது. அப்பாவின் கல்லறைக்குப் போக, துக்கத்துக்கு ஒரு வருடம் போடுகிற கறுப்பு உடையில் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், போனில் அவளிடமிருந்து ஒரு படம். தட்டு நிறைய, ஈஸ்டரில் ஒன்றோடொன்று மோதி உடைத்து விளையாடுகிற சிவப்பு முட்டை, அதில் ஒரு முட்டைக்குப் பெரிய மீசை வரைந்திருந்தாள். கீழே, என் முட்டையோடு மோத ஆள் இல்லாமல் தவிக்கிறேன் என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சி நான்கு. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.  அவள் எண்ணையே தடுத்துப் போட்டேன்.

தடுப்பது எனக்குக் கைவந்த வேலை. பகலில் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் புகார் மேசை. குழாயில் காற்று வருகிறது, சேறு வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று எட்டு மணி நேரம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு புகார்கள். இன்டர்நெட்டில் நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் பத்து இருபது பேர் நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். என்ன படித்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், அடுத்து எங்கே போனாள் என்று குறித்துக்கொண்டுபோய் விற்கிறார்கள். ட்ராக்கர் என்று பேர். அவற்றைத் தடுக்க பிரவுசரில் போட்டுக்கொள்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு. ஆனால் யாரைத் தடுப்பது என்று கருவிக்கு யாராவது சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் பட்டியல்.

பெரிய மொழிக்காரர்களுக்குப் பெரிய பட்டியல் இருக்கிறது. எங்கள் மொழித் தளங்களுக்கான பட்டியலைப் பார்த்துக்கொள்வது நானும், பக்கத்து நாட்டில் ஸெனிட்சாவில் பல் டாக்டராக இருக்கும் என்வெரும். இந்தத் தளம் வேவு பார்க்கிறது, இது தொல்லை தருகிறது என்று ஜனங்கள் எழுதிப் போடுவார்கள். எங்களில் ஒருவர் பார்த்து ஒரு வரி எழுதுவார், மற்றவர் சரி சொன்னால் அது பட்டியலில் சேரும். சேர்ந்த மறுநாளே எல்லார் கருவியிலும் வேலை செய்யும். கூலி கிடையாது, வசவு தாராளமாக உண்டு. பட்டியலுக்கு என்ன மொழியின் பேரைப் போடுவது என்றே இரண்டு வருடம் சண்டை. ஒரே மொழியை நான்கு நாட்டில் நான்கு விதமாகப் பேர் வைத்துப் பேசுகிறோம், பக்கத்து நாட்டுக்காரன் பேசுவது புரியவே இல்லை என்று சத்தியமும் பண்ணுவோம். கடைசியில் என்வெர் 'நம்மது' என்று பேர் வைத்துவிட்டு, பிடிக்காதவன் வாயைத் திறக்கட்டும், பல்லைப் பிடுங்கிவிடுகிறேன் என்றார்.

போன அக்டோபரில் சென்கா இரண்டு நாள் என்னோடு வந்து தங்கினாள். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்காக மூட்டுவலி, மூலம், வழுக்கை என்று எதையாவது தேடிப் பார்ப்பாள். அவ்வளவுதான், எந்தப் பக்கம் போனாலும் மூட்டுவலித் தைலமும் மூலத்துக்கு மெத்தையும் கூடவே வரும். ஊரில் இருக்கிற அத்தனை வியாதியும் எனக்கே இருக்கிறது என்று இது நினைக்கிறது என்று லேப்டாப்பைக் காட்டிப் புலம்பினாள். நான் கருவியைப் போட்டு, எங்கள் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து, இனி உன் பின்னால் ஒருத்தனும் வரமாட்டான் என்றேன். இந்த வயதில் அதுவும் போயிற்றா என்று கேட்டாள். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்கு நான் கச்சமாக், அதாவது சோளமாவுக் களி, கிண்டியிருந்தேன். அது கட்டி கட்டியாக இருக்கிறது, சுவர் பூசலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இரண்டு தட்டு தின்றாள்.

நவம்பரில் கீழ்வீட்டு மிலேவா அழுதுகொண்டே வந்தார். அவர் வீட்டுக்காரர் போய் மூன்று வாரம். யாவோரில் அவருடைய மரண அறிவிப்பைத் தினமும் நாலு தடவை திறந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து கல்லறைக்கல் விளம்பரம் துரத்துகிறது. சமையல் குறிப்பைத் திறந்தால் கறுப்புச் சலவைக்கல். நாளைக்கு மழை வருமா என்று பார்த்தால் வெள்ளைச் சலவைக்கல், முகம் செதுக்குவது இலவசம்.

"கல்லு வாங்குற வரைக்கும் இது என்னை விடாதுடி. அவர் போனது போதாதா, தினம் தினம் வேற புதைக்கணுமா நான்?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்படியே உட்கார்ந்து யாவோர் பக்கத்தைக் குடைந்தேன். கல் விற்பவர்களுக்குச் செய்தி போகிற வழியெல்லாம் 'ஓக்லஸி' என்ற சொல் உள்ள முகவரிகளாக இருந்தன. ஓக்லஸ் என்றால் விளம்பரம். மாட்டினாயா என்று சொல்லிக்கொண்டு பட்டியலுக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். யாவோரில் ஓக்லஸி என்ற முகவரியிலிருந்து எது வந்தாலும் தூக்கிப் போடு. என்வெர் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். நான் பார்த்தது யாவோரின் முதல் பக்கத்தை. அது பளிச்சென்று சீக்கிரமாகத் திறந்தது. அதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும் என்று என் புத்திக்குத் தோன்றவில்லை. என்வெர் சரி சொல்லிவிட்டார். மிலேவாவைத் துரத்திய கல்லெல்லாம் மறுநாளே ஒழிந்தது. தேன் ஊற்றிய பிரிகனிட்ஸா மாவுருண்டை ஒரு கிண்ணம் நிறையப் பொரித்துக் கொண்டுவந்தார். அதைத் தின்றுகொண்டு ஒரு வாரம் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து புகார்களைத் திறந்தேன். வெளிநாட்டில், கிராட்ஸில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் போலிருக்கிறது, 'புளித்த முட்டைகோஸ்' என்று பேர் வைத்துக்கொண்ட ஆள் எழுதியிருந்தார்: "யாவோரில் ஆறு மாதமாகப் பார்க்கிறேன், நிக்ஷிச்சில் ஒருத்தரும் சாகவில்லை. ஊர்த் தண்ணீரில் என்ன கலக்கிறீர்கள்? எங்களுக்கும் ஒரு பாட்டில் அனுப்பி வையுங்கள்."

தண்ணீர் என்றதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாயங்காலமுமா தண்ணீர்ப் புகார்? சூடாக ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில், எதற்கும் பார்ப்போமே என்று யாவோரில் மரண அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளை. நடுவில் ஒரு வரி: இன்று அறிவிப்பு எதுவும் இல்லை. கருவியை அணைத்துவிட்டுத் திறந்தேன். பதினொரு முகங்கள் வரிசையாக என்னைப் பார்த்தன. மறுபடி கருவியைப் போட்டேன். அறிவிப்பு எதுவும் இல்லை.

 ஓக்லஸ் என்றால் எங்கள் மொழியில் விளம்பரம் மட்டும் இல்லை, அறிவிப்பும் அதேதான். ஏலம் போட்டாலும் ஓக்லஸ், மாடு தொலைந்தாலும் ஓக்லஸ், மனிதன் செத்தாலும் ஓக்லஸ். யாவோர்க்காரர்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் வாசலையே அடைத்துவிட்டேன். வேறு மொழிக்காரன் இந்த வரியை எழுதியிருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பான், தப்பித்திருப்பான். எனக்கு அகராதி எதற்கு? தாய்மொழியாயிற்றே.

நான் கவனிக்காமல் போனதற்குக் காரணம் சுலபம். என் வாசலில் மின்கம்பம் இருக்கிறது, அலுவலகத்தில் பேப்பர் கிடக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள் யாரும் யாவோரை நம்பி இல்லை. வெளியே இருக்கிறவர்கள்தான் அதை நம்பி இருந்தார்கள். அதிலும் எங்கள் பட்டியலைப் போட்டுக்கொண்டவர்கள்.

ஜனவரிக்குப் போய் அப்பாவின் அறிவிப்பை எடுத்தேன். கருவி இல்லாமல் இருந்தார். கருவியோடு இல்லை.

அப்போதுதான் அது உறைத்தது. அப்பாவின் சாவுக்கு வராதவர்கள் என்று என் மனதில் மூன்று பேர் இருந்தார்கள். பார் என்ற கடற்கரை ஊரில் இருக்கும் அப்பாவின் பழைய தொழிற்சாலை நண்பர், புட்வாவுக்குப் போய்விட்ட எங்கள் பௌதிக டீச்சர், சென்கா. மூன்று பேருக்கும் கருவியைப் போட்டுக் கொடுத்தது நான், என் இந்தக் கையால். வேண்டாதவர்களுக்கு யார் உட்கார்ந்து இதெல்லாம் செய்து கொடுப்பார்கள்? பிரியமானவர்களுக்குத்தான் வலியப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். பிரியமானவர்கள்தான் வரவில்லை.

அப்படியானால் சென்கா மேல் தப்பில்லை. உடனே சந்தேகமும் வந்தது. டீச்சரும் நண்பரும் போகட்டும், சென்காவுக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்களா? அவள் அம்மா போனபின் இங்கே அவளுக்கு ஆள் இல்லைதான். இருந்தாலும் நான்கு மாதம். யாரோ ஒருவர் மருந்து வாங்க வந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கருவியை அவள் எப்போதோ எடுத்தும் போட்டிருக்கலாம். தெரிந்தே வராமல் இருந்திருந்தால்?

என்வெருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், பாதித் தப்பு என்னுடையது, நானும் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து கல் வியாபாரிகளுக்குச் செய்தி கடத்துகிற ஏழு ட்ராக்கரையும் தனித்தனியாகப் பேர் சொல்லித் தடுத்தோம். ஓக்லஸியைத் திறந்துவிட்டோம். இந்த முறை மரண அறிவிப்புப் பக்கத்தை அவர் மூன்று தடவை திறந்து பார்த்தார், நான் ஐந்து தடவை. முட்டைகோஸுக்கு ஒரு வரி எழுதினேன்: நன்றி, தப்பு எங்களுடையது, நாங்கள் எல்லாரும் வழக்கம்போலச் செத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"உங்க சினேகிதிகிட்ட போன்ல கேக்காதீங்க. நேர்ல போங்க," என்றார் என்வெர்.

அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். போனில் குரல்தான் கேட்கும், எனக்கு அவள் முகம் வேண்டும்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். ஷாவ்னிக் தாண்டும் வரைக்கும், அவளுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஷப்ல்யாக் தாண்டியதும், தெரிந்திருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது. தாரா ஆற்றின் ஆழமான பள்ளத்துக்கு மேலே போகிற பாலத்தில் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்தேன். அங்கிருந்து திரும்பிவிட்டால் பாதி நம்பிக்கையாவது மிஞ்சும். தெரியும் என்று அவள் வாயால் சொல்லிவிட்டால், நாற்பது வருடத்தைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் போட வேண்டியதுதான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

அவள் வீடு மூன்றாவது மாடி. மணியடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் தடுத்த எண்ணிலிருந்து அவள் எத்தனை தடவை முயற்சி செய்தாளோ. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது அவள் கண் என் முகத்திலிருந்து கீழே இறங்கியது. கறுப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, கறுப்புக் காலுறை. திறந்த வாய் அப்படியே நின்றது.

"யாருடி?" என்றாள்.

வழியெல்லாம் என்னென்னவோ பேசத் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"அப்பா."

"எப்போ?"

"ஜனவரி."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பு வைக்கிற பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. யாராலும் அப்படி நடிக்க முடியாது. ஐயோ, எப்போ என்று கேட்ட அந்த ஒரு சொல்லால் என் வயிற்றில் பால் வார்த்தாள். என் அப்பா செத்துப் போனார் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன், என் பிறவியில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். அப்புறம் எனக்கு அழுகையும் வந்தது, அவளுக்கும் வந்தது, எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு என் உடையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிலேவாவின் கல், ஓக்லஸி, அந்த ஒரு வரி. சென்கா பழச்சாராயமான ரக்கியாவை எனக்கு ஊற்றிவிட்டுத் தனக்கு ஊற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாவோரில் அறிவிப்பு இல்லை என்று வந்ததை ஒரு வாரம் பார்த்தாளாம். சரி, தளத்துக்காரர்கள் அதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, காலங்காத்தாலே சாவைப் பார்க்காமல் காபி குடிக்கலாம் என்று சந்தோஷமாக விட்டுவிட்டாளாம். அதைச் சொல்லும்போது முகத்தைப் பொத்திக்கொண்டாள். 

"தெரிஞ்சும் வராம இருப்பேன்னு நெனச்சியா நீ?" என்றாள்.

"நெனச்சேன்."

"நாலு மாசமா?"

"தினமும்."

"சித்தப்பா செத்ததுக்கு?"

 அதற்கப்புறம் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள். நான் போனை எடுக்காததற்கு அவள் கண்டுபிடித்த காரணத்தையும் அப்போதுதான் சொன்னாள். கச்சமாக். கட்டி கட்டியாக இருந்தது என்று சொன்னதற்குத்தான் நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு கச்சமாக்குக்காக எவளாவது மாதக்கணக்கில் பேசாமல் இருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாளாம். தாரோ இருப்பாள் என்று பதிலும் கிடைத்ததாம். அந்த முட்டைப் படத்தையும் எடுத்துக் காட்டினாள்.

"இந்த மீசை யாருன்னு நெனச்சே? சித்தப்பாடி. நீ கோவமா இருந்தாலும் அவர் பார்த்துட்டு உன்னைச் சிரிக்க வச்சிருவார்னு அனுப்புனேன்."

அந்த மீசையைத்தான் நான் தடுத்துப் போட்டேன். அவளுடைய எண்ணை அந்த மேசையிலேயே திறந்துவிட்டேன்.

அப்புறம் சென்கா எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கறுப்பில் இருந்தாள், தலையை வாரியிருந்தாள். என்னைப் பார்த்து, எழுந்து நில் என்றாள். எனக்குப் புரிந்தது. நடைபாதையில் சுவரோரம், மண்டபத்தில் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றேன். அவள் வாசல்வரை போய், அங்கிருந்து நடந்து வந்தாள். வரிசையில் அவள் ஒருத்திதான். கையைப் பிடித்தாள், மூன்று முறை முத்தம் கொடுத்தாள், சொல்ல வேண்டியதை முறைப்படி சொன்னாள். ஆண்டவர் அவரை மன்னித்து இளைப்பாற்றட்டும். நானும் முறைப்படி, உங்களுக்கு நன்றி என்றேன். ஜனவரியில் நூற்றுக்கணக்கான கைகளைப் பிடித்துவிட்டுத் திரும்பிய நான், அன்றைக்குத்தான் அப்பாவை அடக்கம் பண்ணி முடித்தேன்.

அறிவிப்பைத் தானும் பார்க்க வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தாள். கருவி அதே இடத்தில் இருந்தது. பட்டியல் புதிதாகியிருந்தது. ஜனவரிக்குப் போனாள், அப்பா வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, வேற போட்டோவே கிடைக்கலையா, இதுல மீசையே தெரியல என்று என்னைக் கேட்டாள். சாயங்காலம் கச்சமாக் அவள் கிண்டினாள். அதிலும் கட்டி இருந்தது. நான் வாயே திறக்கவில்லை.

மறுவாரம் பாருக்கும் புட்வாவுக்கும் எழுதினேன். டீச்சர் அழுது பதில் போட்டார், நண்பர் மகனோடு நேரில் வந்துவிட்டார்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி அப்பாவுக்கு ஆறு மாதம். அதற்கும் நாங்கள் அறிவிப்புப் போடுவோம், குடும்பத்தின் பேரில் ஒன்று கொடுத்திருந்தேன். காலையில் அலுவலகம் போனால் எல்லாரும் பேப்பரை நடுவில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், துக்க நாள் என்று பாதியில் அடக்கிக்கொள்கிறார்கள். என்னவென்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. நான் என் மேசைக்குப் போய், கருவியை அணைக்காமல், யாவோரைத் திறந்தேன். ஒரு கல் விற்கிறவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. குடும்ப அறிவிப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மீசை நன்றாகத் தெரிகிற படம், க்ருபட்ஸ் ஏரிக்கரையில் சென்கா எடுத்தது. கீழே ஊரே படிக்கும்படி எழுதியிருந்தாள்:

"விதாக் சித்தப்பா, கடைசி வணக்கத்துக்குத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். தப்பு என்னுடையது இல்லை. யாருடையது என்று உங்கள் மகளுக்குத் தெரியும். உங்கள் சென்கா."